ஹார்ட்வேர் வாலட்: கருவி தொலையலாம், அந்த 24 சொற்கள் தொலையக்கூடாது

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு மகன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெற்றோர். மகன் சில ஆண்டுகளாக மாதம் 200 ரிங்கிட்டுக்குப் பிட்காயின் வாங்கிச் சேர்த்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகை கொஞ்சம் பெருகியதும் ஹார்ட்வேர் வாலட் என்ற சிறு கருவியை வாங்கி, காசை அதற்கு மாற்றிவிட்டார். கருவியை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தார். அதை அமைக்கும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்ட 24 ஆங்கிலச் சொற்களை மட்டும் பழைய நாட்காட்டிக்குள் மடித்துச் செருகினார். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த அம்மா, அந்த நாட்காட்டியைப் பழைய தாள்களோடு சேர்த்துப் போட்டுவிட்டார்.

காசு போய்விட்டதா? இன்னும் போகவில்லை. கருவி வேலை செய்யும்வரை மகனால் அதை எடுக்க முடியும். ஆனால் கருவி பழுதானால், அல்லது பின் எண் மறந்துபோனால், அன்றோடு முடிந்தது. இதையே திருப்பிப் பார்க்கலாம். திருடன் கருவியை எடுத்துப் போய், தாள் மட்டும் வீட்டில் இருந்தால் ஒரு சல்லிக் காசு கூட நஷ்டமில்லை. புதுக் கருவி வாங்கி, 24 சொற்களை உள்ளிட்டால் காசு அப்படியே தெரியும்.

நம்மவர்களில் பலர் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கருவியைப் பெட்டகத்தில் வைக்கிறார்கள். சொற்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. மலேசியாவில் கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல என்று பேங்க் நெகாரா தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் 2019 ஜனவரியில் வந்த ஆணையின்படி, அதை வாங்கி விற்கும் சந்தைகள் செக்யூரிட்டீஸ் கொமிஷன் எனப்படும் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற சந்தைகளின் பட்டியலும், எச்சரிக்கைக்குரிய நிறுவனங்களின் பட்டியலும் ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே உள்ளன. சில நூறு ரிங்கிட் மட்டும் வைத்திருப்பவர் பதிவு பெற்ற சந்தையிலேயே விட்டு வைப்பது போதும். எளிய ரகக் கருவியே சில நூறு ரிங்கிட் ஆகிறது. 500 ரிங்கிட்டைக் காக்க 400 ரிங்கிட் செலவு செய்வதில் பொருளில்லை.

சந்தையில் வைத்திருப்பதில் ஒரு வசதியும் உண்டு. கடவுச்சொல் மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே சாவி அவர்கள் கையில் இருக்கிறது. 2014இல் தோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கோக்ஸ் சந்தை, சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பிட்காயின்களைக் காணவில்லை என்று சொல்லித் திவாலானது. பிறகு அதில் ஏறக்குறைய 2 லட்சம் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தபோது, உலகம் முழுவதும் பல லட்சம் பேர் கணக்கில் எண்ணைப் பார்த்தார்களே தவிர, காசை எடுக்க முடியவில்லை. தொகை பெரிதாகி, பல ஆண்டுகள் தொடாமல் வைக்கும் எண்ணம் இருந்தால்தான் கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது வங்கியின் வேலையைக் குடும்பமே செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. "தினமும் 3 விழுக்காடு லாபம்" என்று புலனத்தில் யாரோ சொன்னதை நம்பி, தானே காசை அனுப்புகிறவரை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

காசு இல்லை. பிட்காயின் யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, உலகம் முழுவதும் உள்ள கணினிகளில் ஒரே பேரேடாக இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு தொகையை நகர்த்த உரிமை தரும் இரகசிய எண்தான் சாவி. அந்தச் சாவியை வைத்திருப்பதே கருவியின் வேலை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. தோட்ட அலுவலகத்தில் கிராணியின் அறையில் சாப் பூட்டியிருக்கும். வெளியே எழுதிய தாள் உள்ளே போகும், சாப் குத்தப்படும், தாள் வெளியே வரும். சாப் மட்டும் அந்த அறையை விட்டு வெளியே வராது. ஹார்ட்வேர் வாலட்டும் அப்படித்தான். "இந்த முகவரிக்கு இவ்வளவு அனுப்பு" என்ற கட்டளை கணினியிலோ கைப்பேசியிலோ தயாராகி, கருவிக்குள் போகிறது. கருவி தன் சிறு திரையில் அதைக் காட்டுகிறது. பொத்தானை அழுத்திச் சம்மதித்தால், கையெழுத்திட்டு வெளியே அனுப்புகிறது. சாவி கணினிக்கு வருவதே இல்லை. அதனால் கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவியைத் திருட முடியாது.

ஆனால் கிராணி படிக்காமல் சாப் குத்தினால்? அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

வாங்கும் இடத்திலேயே தொடங்கும் ஆபத்து

பிரான்சின் லெட்ஜர், செக் நாட்டின் டிரெசோர் ஆகிய இரண்டும் இத்துறையில் நீண்ட நாள் பெயர்கள். வேறு நிறுவனங்களும் உண்டு. எதுவானாலும் தயாரிப்பாளரின் சொந்த இணையக் கடையில், அல்லது அவர்கள் தங்கள் பக்கத்தில் பெயர் குறிப்பிட்டிருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதே சரி. இணையச் சந்தையில் 40 ரிங்கிட் குறைவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத கடையில் வாங்குவதும், பழைய கருவியை நண்பரிடம் வாங்குவதும் வேண்டாத வேலை.

காஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம் 2023இல் ஒரு சம்பவத்தை ஆராய்ந்து வெளியிட்டது. ஒருவர் வாங்கிய டிரெசோர் கருவி பார்க்க அசல் போலவே இருந்தது. முத்திரை ஒட்டுத்தாள் கூடக் கிழியவில்லை. உள்ளே இருந்த சில்லு மட்டும் மாற்றப்பட்டிருந்தது. கருவி எந்தக் கணினியிலும் செருகப்படாமல் சும்மா கிடந்த நாளில், அதில் இருந்த 1.33 பிட்காயின் மறைந்துபோனது. சாவி திருடனுக்கு முன்பே தெரியும். காசு வந்து சேரும்வரை அவன் காத்திருந்தான், அவ்வளவுதான்.

ஆகவே முத்திரை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பக்கூடாது. கருவியை முதலில் இணைக்கும்போது, அது அசல்தானா என்று தயாரிப்பாளரின் செயலி சோதிக்கும். அந்தச் சோதனையை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. அந்தச் செயலியையும் கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தின் வழியாக இறக்கக்கூடாது. போலிப் பக்கங்கள் விளம்பரக் கட்டணம் கட்டி மேலே வருவது வழக்கம். தயாரிப்பாளரின் முகவரியைக் கையால் தட்டச்சு செய்து போவதே நல்லது.

பெட்டியில் ஏற்கெனவே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னால், அல்லது பின் எண் முன்பே போடப்பட்டிருந்தால், அது மோசடி. வேறு விளக்கமே தேவையில்லை. புதுக் கருவி சொற்களை உங்கள் கண்முன், தன் திரையில்தான் உருவாக்கிக் காட்டும்.

அமைக்கும் நாள்

அவசரம் இல்லாத ஓர் ஒரு மணி நேரம் வேண்டும். அறையில் கேமரா, வீடியோ அழைப்பு, எட்டிப் பார்க்கும் நண்பர் எதுவும் வேண்டாம். முதலில் கருவியின் மென்பொருளை அதன் செயலி வழியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பிறகு பின் எண். பிறந்த தேதி, கார் எண் வேண்டாம். தவறான பின் எண்ணை லெட்ஜரில் 3 முறை, டிரெசோரில் 16 முறை போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். திருடனுக்கு எதிரான ஏற்பாடு இது. கைக்குழந்தை விளையாடி அழித்துவிட்டாலும் பயமில்லை, சொற்கள் இருந்தால்.

அடுத்து அந்தச் சொற்கள். பெரும்பாலான கருவிகள் 12 அல்லது 24 சொற்களைத் தரும். வேறு பட்டியலில் இருந்து 20 சொற்கள் தரும் ரகமும் உண்டு. உலகில் பெரும்பாலான வாலட்டுகள் பயன்படுத்தும் பட்டியலில் மொத்தம் 2,048 சொற்கள். முதல் சொல் 'அபாண்டன்', கடைசிச் சொல் 'ஸூ'. எல்லாம் அன்றாட ஆங்கிலச் சொற்கள்தான். எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இராது என்பது அந்தப் பட்டியலின் சிறப்பு. ஜப்பானிய, கொரிய, சீனப் பட்டியல்கள் கூட உண்டு, தமிழுக்கு இல்லை. அதனால் வீட்டுப் பெரியவர்கள் காதால் கேட்டுத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. 'ஸ்டீல்', 'ஸ்டில்' இரண்டுமே அந்தப் பட்டியலில் உள்ள தனித்தனிச் சொற்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 1 முதல் 24 வரை எண் போட்டு எழுத வேண்டும். வரிசை மாறினால் அது வேறு சாவி.

எழுதுவது தாளில்தான். கைப்பேசிப் படம், மின்னஞ்சல், புலனத்தில் தனக்குத்தானே அனுப்பும் செய்தி, கூகுள் டிரைவ், அலுவலக பிரிண்டர் எதுவும் கூடாது. இணையத்தைத் தொட்ட மறுகணமே கருவி வாங்கியதன் பயன் போய்விடுகிறது. கைப்பேசியில் எடுத்த படம் தானாக மேகக் கிடங்குக்குப் போவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நம் ஊரில் தாளுக்கும் ஆயுள் குறைவு. ஈரப்பதம், கரையான், வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, வீட்டுப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் நனைந்து கூழானதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே இரண்டு பிரதிகள், இரண்டு இடங்களில். ஒன்று வீட்டில், மற்றொன்று வங்கிப் பெட்டகத்திலோ நம்பிக்கைக்குரிய உடன்பிறப்பின் வீட்டிலோ. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளைப் பொறித்து வைக்க உதவும் சாதனமும் விற்கிறது. தீக்கும் தண்ணீருக்கும் அது தாங்கும். 12 சொல் ஓரிடம், 12 சொல் வேறிடம் என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு பாதி தொலைந்தால் மறுபாதி வெறும் தாள்.

25ஆவது சொல் என்று ஒரு கூடுதல் இரகசியச் சொல்லைச் சேர்க்கும் வசதியும் கருவிகளில் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல். அதை மறந்துவிட்டால் 24 சொற்கள் கையில் இருந்தும் காசு வராது.

அழித்துப் பார்க்கும் துணிவு

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இது. இதைச் செய்தவருக்குத்தான் இரவில் தூக்கம் வரும்.

சந்தையில் இருந்து 50 ரிங்கிட் மதிப்புள்ள நாணயத்தை மட்டும் கருவியின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்ததைச் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கருவியை முழுமையாக அழிக்க வேண்டும். அமைப்புப் பகுதியில் அதற்கான கட்டளை இருக்கும். இப்போது கருவி கடையில் இருந்து வந்தது போல வெறுமையாக இருக்கும். 'மீட்டெடு' என்பதைத் தேர்ந்தெடுத்து, தாளைப் பார்த்து 24 சொற்களையும் கருவியிலேயே உள்ளிட வேண்டும். கணினியின் விசைப்பலகையில் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு பக்கம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த 50 ரிங்கிட் மீண்டும் தெரிந்தால், தாளில் எழுதியது சரி.

தெரியாவிட்டால் நஷ்டம் 50 ரிங்கிட்டோடு போயிற்று. எழுதும்போது ஒரு சொல்லைத் தவறவிட்டதை மூன்று ஆண்டு கழித்து, கருவி செத்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இது மலிவு. கடைசிச் சொல்லுக்குள் மற்ற சொற்களைச் சரிபார்க்கும் கணக்கு ஒளிந்திருப்பதால், ஏதேனும் ஒரு சொல் தவறானால் பெரும்பாலும் கருவியே "இது செல்லாது" என்று சொல்லிவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில் கண் எங்கே இருக்க வேண்டும்?

கருவியின் சிறு திரையில். கணினித் திரை பொய் சொல்லலாம். நகலெடுத்து ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. காசு பெறும்போதும் அனுப்பும்போதும் கருவித் திரையில் உள்ள முகவரியும் கணினியில் உள்ளதும் ஒன்றா என்று முழுமையாக ஒப்பிட வேண்டும். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்தால் போதாது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயத்தைத் தவறான முகவரிக்கு அனுப்பினார். தலையும் வாலும் ஒத்த முகவரியை மோசடிக்காரன் உருவாக்கி, அதிலிருந்து சிறு பரிவர்த்தனை ஒன்றை அனுப்பியிருந்தான். அவர் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் இருந்து அதை நகலெடுத்துவிட்டார். பேச்சு நடத்தி அந்தக் காசு பின்னர் திரும்பி வந்தது அதிசயம். எல்லோருக்கும் அது நடக்காது.

ஒரே பெயருள்ள நாணயம் பல வலையமைப்புகளில் ஓடுவதும் ஒரு பொறி. யூஎஸ்டிடி எத்தீரியத்திலும் உண்டு, திரானிலும் உண்டு. அனுப்பும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் வலையமைப்பும் பெறும் முகவரியின் வலையமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் சிறு தொகை. கட்டணம் இரண்டு முறை போகும், போகட்டும்.

இனி, படிக்காமல் சாப் குத்தும் கிராணியின் கதை. 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தையில் இருந்து ஏறக்குறைய 150 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள எத்தீரியம் திருடப்பட்டது. அங்கேயும் கையெழுத்திட ஹார்ட்வேர் வாலட்தான் பயன்பட்டது. கணினித் திரை வழக்கமான பரிவர்த்தனையைக் காட்டியது. உண்மையில் கையெழுத்துக்குப் போனது வேறு. கருவியின் சிறு திரையில் அதைப் புரியும்படி படிக்க வழியில்லை. பெரிய நிறுவனத்துக்கே இது நடந்தது. "இலவச டோக்கன், வாலட்டை இணைக்கவும்" என்று வரும் இணையப் பக்கத்தில் போய், கருவி காட்டும் புரியாத வரிகளுக்குச் சம்மதம் அழுத்துபவர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். புரியவில்லை என்றால் மறுக்கும் பொத்தானை அழுத்தலாம். மறுப்பதற்குக் கட்டணம் கிடையாது.

சொற்களைக் கேட்டு வருபவர்கள்

மக்காவ் மோசடிக்காரர்கள் டிஏசி எண்ணைக் கேட்பதை இப்போது நம் பாட்டிமார் கூட அறிவார்கள். 24 சொற்களும் அதைப் போன்றவைதான். ஒரே வேறுபாடு, டிஏசி சில நிமிடங்களில் காலாவதியாகும், இந்தச் சொற்கள் ஒருநாளும் காலாவதியாகாது.

2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுத்தளம் கசிந்தது. கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் வெளியாகின. அதன் பிறகு போலி மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள், நிறுவனத்தின் சின்னத்தோடு வீட்டுக்கே அஞ்சல் கடிதங்கள், "உங்கள் பழைய கருவிக்குப் பதில் இதைப் பயன்படுத்தவும்" என்ற குறிப்போடு போலிக் கருவிகள் கூட வந்தன. எல்லாவற்றின் முடிவும் ஒன்றே. சொற்களை எங்காவது உள்ளிடச் சொல்வார்கள்.

தயாரிப்பாளர் கேட்கமாட்டார். சந்தை கேட்காது. போலீஸ் கேட்காது. டெலிகிராம் குழுவில் உதவிக்கு வருபவர் கேட்டால், அவர் திருடன்.

சொற்கள் வெளியே தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால், பின் எண்ணை மாற்றி எந்தப் பயனும் இல்லை. புதிய சொற்களோடு புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அந்த நிமிடமே காசை அதற்கு மாற்ற வேண்டும். கருவியில் இருந்து போய்விட்ட நாணயத்தைத் திருப்பிக் கொண்டுவர எந்த வங்கி அதிகாரிக்கும் பொத்தான் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் இருந்து ரிங்கிட்டாக மோசடிக்காரருக்கு அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைத்துப் புகார் செய்தால் அதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

பாயான் லெப்பாஸ் மகனிடம் திரும்புவோம். அவருக்கு விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? சேமநிதிக்கு வாரிசு பெயர் உண்டு. வங்கிக் கணக்கை இறப்புச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம். இதற்கு முகப்பே இல்லை. சொற்கள் கிடைத்தால் காசு, கிடைக்காவிட்டால் அது பேரேட்டில் யாருக்கும் பயன்படாத எண்.

உயிலிலேயே 24 சொற்களை எழுதுவது தவறு. உயிலைப் பலர் படிப்பார்கள். உயிலில் "இப்படி ஒரு சொத்து உண்டு, விவரம் இன்ன இடத்தில் உள்ள உறையில்" என்று மட்டும் குறிப்பது போதும். சாமிப் படத்துக்குப் பின்னாலும், அரிசிப் பாத்திரத்துக்கு அடியிலும் ஒளிப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். திருடர்களுக்கும் அது பழைய வழக்கமாகவே தெரியும். பின் எண்ணும் சொற்களும் கருவியும் ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது.

அந்த உறையின் மேல் அம்மாவுக்குப் புரியும் தமிழில் சில வரிகள் எழுதியிருக்க வேண்டும். இது குப்பை இல்லை, தீபாவளிக்குக் கூடத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் சொற்களைப் படம் எடுக்க வேண்டாம், தொலைபேசியில் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால், குடும்பத்தில் இன்னாரை மட்டும் கூப்பிட்டு, அவர் வீட்டுக்கு வந்த பிறகு திறக்கவும்.